கலுங்கில் வழியும் நாதம்

மதுரையில் பாலிடெக்னிக் மாணவர்களும் இசை பயில்வோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த மேசை மேல் இருக்கும் சின்னப் பெட்டியைப் பாருங்கள். சுவருக்குள் ஸ்விட்ச் போர்டு பதிக்க எலக்ட்ரீஷியன்கள் வைப்பார்களே, அந்த ஜி.ஐ. பெட்டிதான். மூடியில் இரண்டு குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு ஸ்விட்ச், ஒயர் செருகப் பக்கத்துக்கு ஒரு ஜாக். உள்ளே எட்டுக்கால் ஐசி ஒன்று, டையோடு இரண்டு, ஒரு கைப்பிடி அளவுக்கு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும், ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று. கிட்டாரிலிருந்து வரும் ஒயரை இந்தப் பக்கம் செருகி, அந்தப் பக்கத்திலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால், பளிங்கு மாதிரி வந்த நாதம் கரகரவென்று உறுமத் தொடங்கும். கிட்டார் வாசிக்கிறவர்கள் இதை டிஸ்டார்ஷன் பெடல் என்பார்கள்.

வெளிநாட்டுப் பாட்டுக்காரர்களின் சாமான் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கும் டிப்ளமோ மாணவர்கள் ஒவ்வொருவரும் இதன் இதயத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்திருக்கிறீர்கள். கிளிப்பர் சோதனை என்றால் உங்களுக்குத் தெரியும். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து சைன் அலை, நடுவில் ரெசிஸ்டர், குறுக்கே டையோடு, கடைசியில் சிஆர்ஓ என்ற அலைகாட்டி. திரையில் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகத் தெரியும். அதை கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெஞ்சைக் காலி செய்வீர்கள். அந்தச் சோதனையை வருஷக்கணக்கில் நடத்தியவன் நான். அலை எப்படி இருக்கிறது என்று எத்தனையோ மாணவர்களைக் கேட்டிருக்கிறேன். எப்படி ஒலிக்கிறது என்று ஒருவரையும் கேட்டதில்லை. அந்த வருத்தம்தான் என்னை இன்று இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

நான் பிறந்தது சோழவந்தான் பக்கம். வைகைத் தண்ணீரில் நெல்லும் வெற்றிலையும் விளைகிற பூமி. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பந்தக்கால் ஊன்றும்போதே மைக்செட் வந்துவிடும். காதுகுத்தோ கல்யாணமோ சித்திரைத் திருவிழாவோ, வேப்பமரக் கிளையிலோ சவுக்குக் கம்பத்திலோ குழாயைக் கட்டிவிடுவார்கள். மைக்செட்காரர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். வயலில் பம்ப்செட்டுகள் ஓடுகிற நேரத்தில் ஊருக்குள் வோல்டேஜ் இறங்கும், பாட்டு கரகரக்கும். பந்தலின் மறுகோடியில் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் அவர் தலை சட்டென்று நிமிரும். "தம்பி, குழாய் அழுகுது பாரு. வால்யூமக் குறை, காயில் போயிரும்" என்பார்.

அவர் சொன்னதன் கணக்கை நான் படித்து வேலைக்கு வந்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன். ஒரே உயரமுள்ள சைன் அலையைவிடச் சதுர அலை இரண்டு மடங்கு சக்தியைச் சுமக்கிறது. ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை முட்டி அலையின் தலை தட்டையாகும்போது, அது சதுரத்தை நோக்கிப் போகிறது. குழாய்க்குள் தலைமுடி போல் சுற்றியிருக்கும் காயிலில் அந்தக் கூடுதல் சக்தி சூடாக இறங்குகிறது. எனாமல் கருகுகிறது. சிஆர்ஓ இல்லாமல், சூத்திரம் இல்லாமல், காதாலேயே கிளிப்பிங்கைக் கண்டுபிடித்த மனிதர் அவர். எனக்கு மின்னணுவியலில் முதல் ஆசிரியர் அவர்தான் என்று இந்த மேடையில் சொல்வதில் எனக்குப் பெருமை.

கிட்டாரில் இந்த ஒலி நுழைந்ததும் பழுதின் வழியாகத்தான். 1951-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். வில்லி கிசார்ட் என்ற கிட்டார் கலைஞரின் ஆம்ப்ளிஃபயர் வருகிற வழியிலேயே சேதப்பட்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் தாளைத் திணித்து அப்படியே வாசித்தார், அப்படியே பதிவானது. பத்து வருஷம் கழித்து, 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டில் கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் வண்டு போல் இரைந்தது. மிக்ஸிங் மேசையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்ததுதான் காரணம். அந்தப் பாட்டின் ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்நாடி, அந்த இரைச்சலை டிரான்சிஸ்டர்களை வைத்து வேண்டும்போது வரவழைக்க வழி கண்டார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற மிதிபெட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சேட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு அந்த ஒலி உலகம் முழுக்கப் பரவியது.

எங்கள் ஊர் மைக்செட்காரர் வால்யூமைக் குறைத்தார். அவர்கள் பழுதைப் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்தார்கள். இரண்டு பேர் காதிலும் விழுந்தது ஒரே ஓசை.

உங்கள் லேபில் கிடக்கிற 741 ஐசியை ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்தது 1968-இல். எழுபதுகளில் எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் 'டிஸ்டார்ஷன் பிளஸ்' அதே 741-ஐயும் இரண்டு ஜெர்மானியம் டையோடையும் வைத்துக் கட்டப்பட்டது. இந்தப் பெட்டியில் இருப்பதும் அதே வழியில் வந்த சுற்றுதான். என் பழைய மாணவர் ஒருவர் இதைக் கிட்டாகத் தபாலில் வரவழைத்து, "சார், சேர்ந்து கட்டலாமா?" என்று திருநகரில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. கிட்டில் வந்த பெட்டி வழியிலேயே நசுங்கியிருந்ததால் ஜி.ஐ. பெட்டியை வாங்கிக்கொண்டோம்.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சின்ன மின்னழுத்தம். தந்தியை மீட்டிய கணத்தில் 0.1 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 741-இன் பின்னூட்டத்தில் 1 மெகா ஓம், தரைப் பக்கம் 4.7 கிலோ ஓம். முதல் குமிழை முழுக்கத் திருகினால், 10 லட்சத்தை 4,700-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள்: ஏறக்குறைய 213 மடங்கு. அப்படியானால் 21 வோல்ட் வெளியே வர வேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரியில் 21 வோல்ட்டுக்கு எங்கே போவது? ஐசி தன்னால் முடிந்த மட்டும் எழும்பி, முட்டி நிற்கும். அது முதல் வெட்டு. அதைத் தாண்டி வந்த அலைக்கு வெளியேறும் வழியில் இரண்டு டையோடுகள் காத்திருக்கின்றன, எதிரெதிர் முகமாகத் தரைக்குக் கட்டப்பட்டு.

டையோடு என்ன செய்கிறது என்பதை நம் ஊர் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல உவமை கைவசம் இருக்கிறது. கண்மாயில் கலுங்கு இருக்கிறதல்லவா? மழை எவ்வளவு கொட்டினாலும், நீர்மட்டம் கலுங்கு உயரத்தைத் தொட்டதும் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்துவிடும். கண்மாயில் நிற்கும் மட்டம் கலுங்கு மட்டம்தான். சிலிக்கன் டையோடு 0.6 வோல்ட் உயரத்தில் கட்டிய கலுங்கு. அலையின் மேல் பாதிக்கு ஒன்று, கீழ்ப் பாதிக்கு ஒன்று. அதற்கு மேல் எழும்பியதெல்லாம் தரைக்கு வழிந்துவிடும். ஜெர்மானியம் டையோடு 0.3 வோல்ட்டில் இருக்கும் தாழ்வான கலுங்கு, அதன் விளிம்பும் கொஞ்சம் சரிவானது. சிவப்பு எல்இடியைப் போட்டால் 1.7, 1.8 வோல்ட் என்று உயர்ந்துவிடும்.

டையோடு இருக்கும் இடத்தில் சின்ன சாக்கெட் வைத்திருக்கிறேன், மாற்றிப் போட்டுக் காட்டுவதற்காக. முதலில் சிலிக்கன் போட்டு ஒரே தந்தியை மீட்டச் சொன்னேன், கேட்டீர்கள். அடுத்துப் போட்டது ஓஏ79. பழைய ரேடியோ ஒன்றின் டிடெக்டரிலிருந்து கழற்றியது. ஓசை அடங்கிப்போனது, ஆனால் முனை மழுங்கி, தொண்டை கட்டிய ஆள் பாடுவது போல ஒரு கனிவு வந்தது. எல்இடி போட்டதும் சத்தம் கூடி, வெட்டு குறைந்து, தந்தியின் சொந்தக் குரல் பாதி திரும்பியது. எனக்கு ஜெர்மானியம்தான் பிடிக்கிறது. உங்களுக்கு வேறு பிடிக்கலாம். கலுங்கின் உயரத்தைக் காதால் தேர்ந்தெடுக்கலாம் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கலுங்கு உவமையை இன்னொரு அடி எடுத்துப் போகலாம். மழை நின்ற பிறகும் வரத்து இருக்கிற வரைக்கும் கண்மாயின் மட்டம் இறங்காது. தந்தியை மீட்டியதும் 0.1 வோல்ட்டில் தொடங்கிய அதிர்வு மெல்ல மெல்லச் சாகிறது. ஆனால் அது 0.003 வோல்ட்டுக்கு வந்தாலும், 213 மடங்கில் 0.6 வோல்ட்டைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். முப்பதில் ஒரு பங்காகத் தேய்ந்த பிறகும் வெளியே போகும் ஓசை அதே மட்டத்தில் நிற்கிறது. மீட்டு வாத்தியத்துக்குக் கிடைக்காத நீளமான மூச்சு அதற்குக் கிடைத்துவிடுகிறது.

இசை பயில்வோர் இதைக் கவனிக்க வேண்டும். கமகம் வேண்டுமென்றால் நாதம் நிற்க வேண்டும். நாகஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது, வயலினுக்கு வில் இருக்கிறது. மாண்டலின் போன்ற வாத்தியத்தில் ஓசை பிறந்த உடனே மடிகிறது. உ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினைக் கையில் எடுத்து, தந்திகளை ஐந்தாக்கி, அதில் ராக ஆலாபனை செய்தார். அவர் ஒலியில் இந்தக் கரகரப்பு கிடையாது. நாதத்தை நீட்டிக்கொள்ள மின்சாரத்தைத் துணைக்கு அழைத்ததில்தான் ஒற்றுமை.

கரகரப்பு என்று சொன்னதும் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். சங்கீதத்துக்கும் அதற்கும் ஆகாது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அவர்களைத் தம்புராவின் பக்கத்தில் உட்காரச் சொல்வேன். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்தது இந்த ஊரில், மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், வீணை சண்முகவடிவின் மகளாக. அந்தக் குரலுக்குப் பின்னால் எப்போதும் நின்ற தம்புராவில், குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் துண்டு இருக்கும். ஜீவா என்பார்கள். நூலை எடுத்துவிட்டால் தந்தி 'டொங்' என்று மொட்டையாக ஒலிக்கும். நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் தந்தி குதிரையின் வளைவை உரசி உரசி ரீங்கரிக்கும். அந்த உரசலைத் தருகிற நூலுக்கு நம் முன்னோர் வைத்த பெயரின் பொருள் உயிர்.

சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் இந்திய நரம்பிசைக் கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது அதுவரை இருந்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை எழுகின்றன, காரணம் அந்த அகன்ற வளைந்த குதிரை என்று காட்டினார் ராமன். மேற்கின் விதியை நம் வாத்தியத்தின் ரீங்காரம் மீறி நின்றதை அறிவியலாக எழுதிவைத்தவர் திருச்சிக்காரர்.

இப்போது சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 110 ஹெர்ட்ஸ் சைன் அலையை இந்தப் பெட்டிக்குக் கொடுப்போம். அதை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாத அலையில் அந்த ஸ மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் மூன்று மடங்கான 330-உம் ஐந்து மடங்கான 550-உம் அதற்கு மேலும் ஒற்றைப்படை மடங்குகளும் பிறக்கின்றன. 330 மேல் பஞ்சமம். 550 அந்தரகாந்தாரம். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியில் தானாக எழுவதாக வித்வான்கள் சொல்கிற அதே காந்தாரம். தம்புராவில் நூல் செய்கிற வேலைக்கும் டையோடு செய்கிற வேலைக்கும் வழிமுறை வேறு. காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சுரங்கள் ஒன்றேதான்.

ராக் கிட்டார் வாசிக்கிறவர்கள் டிஸ்டார்ஷனை மிதித்ததும் முழுக் கார்டைக் கைவிட்டு ஸ, ப இரண்டை மட்டும் பிடிப்பார்கள். அதற்குப் பவர் கார்டு என்று பெயர். ஸ 110, ப 165. வெட்டும்போது இவை இரண்டும் கலந்து புதிய சுரங்களைப் பெறுகின்றன. இரண்டு 110-இலிருந்து 165-ஐக் கழித்தால் 55, அது கீழ் ஸ. இரண்டு 165-இலிருந்து 110-ஐக் கழித்தால் 220, மேல் ஸ. குடும்பத்துக்குள்ளேயே வந்து சேர்கிற சுரங்கள். நடுவில் கிட்டாரின் காந்தாரத்தை, 138.6 ஹெர்ட்ஸை நுழைத்தால், 81.4 என்று எந்தச் சுரத்தானத்திலும் உட்காராத ஓர் ஓசை எழும். சேறு கலங்கினது போலிருக்கும். ஸ-வும் ப-வும் மட்டும் நின்றால் போதும் என்று தம்புராவில் நம்மவர் எப்போதோ முடிவு செய்ததை, உரக்க உறுமும் கிட்டாரில் அவர்கள் தம் காதால் கண்டுகொண்டார்கள்.

கிட்டாரும் இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, கிளாசிகல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தங்கப் பதக்கம் பெற்றவர். அந்த நினைப்போடுதான் நான் இந்த வேலையில் உட்கார்ந்தேன்.

கட்டிய கதைக்கு வருகிறேன். பையைப் பிரித்ததும் ரெசிஸ்டர்களைத் தட்டில் கொட்டினோம். பழுப்பு-கறுப்பு-சிவப்பு என்றால் 1 கிலோ ஓம், பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு என்றால் 10 கிலோ ஓம். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகவே தெரியும். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்து, தாளில் குத்தி, பக்கத்தில் மதிப்பை எழுதிவைத்தோம். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டால் பிறகு இரண்டு நாள் போகும்.

சால்டரிங் செய்யும்போது மாணவர் ஈயத்தை நேராக அயன் முனையில் உருக்கி, பூச்சு போலத் தடவினார். எல்லோரும் முதலில் அப்படித்தான் செய்வோம். அயன் முனை போர்டின் செம்பையும் பாகத்தின் காலையும் சேர்த்துத் தொட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பிறகு ஈயக்கம்பியைக் காலில் வையுங்கள். சூடு ஏறியிருந்தால் ஈயம் தானாக ஓடிப் படர்ந்து, காலைச் சுற்றி மலைச்சரிவு போல இறங்கிப் பளபளக்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை. ஐசிக்கு அடியில் சாக்கெட் வையுங்கள். டையோடின் கறுப்புக் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பாருங்கள். இரண்டும் ஒரே முகமாக உட்கார்ந்தால் அலையின் ஒரு பாதிக்குக் கலுங்கே இல்லாமல் போகும்.

இரண்டாம் நாள் இணைத்துப் பார்த்தோம். உறுமியது. மாணவர் முகம் மலர்ந்தது. ஐந்து நிமிடத்தில் விட்டு விட்டு வந்தது, பிறகு வெறும் 'ம்ம்ம்' என்ற ஹம். என் மனைவி விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துக் கொடுத்தார். மின்சாரம் கடத்தாது, முனை மெல்லியது, இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. கிட்டாரை மீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பாக ஈர்க்குச்சியால் மெல்லத் தட்டினேன். தரைப்பக்கக் கெபாசிட்டரின் காலைத் தொட்டதும் 'படக்' என்று ஓசை திரும்பியது. டிரை சால்டர். வெளியே பார்த்தால் ஈயம் இருந்தது, உள்ளே பிடிப்பில்லை. மறுபடி சூடு வைத்து, இரண்டு எண்ணினோம். அதன் பிறகு இன்று வரை அந்த இடம் சிணுங்கவில்லை.

ஹம் மட்டும் மிச்சம் இருந்தது. கிட்டாரை 213 மடங்கு பெருக்குகிற சுற்று, டியூப்லைட் சோக்கையும் 213 மடங்கு பெருக்கும். இரும்புப் பெட்டியைத் தரையோடு இணைத்து மூடியைப் போட்டதும் பெரும்பகுதி அடங்கியது. பிளாஸ்டிக் டப்பாவில் கட்டாதீர்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

பேட்டரிக்குப் பதில் அடாப்டரில் ஓட்டுவதானால் ஓர் எச்சரிக்கை. கிட்டார் பெடல்களுக்கு நடு முனை நெகட்டிவ் என்பதுதான் பரவலான வழக்கம். வீட்டில் கிடக்கிற ரவுட்டர் அடாப்டரில் நடு முனை பாசிட்டிவாக இருக்கும். மாற்றிச் செருகினால் ஐசி கருகிவிடும், அதுவும் வினாடியில். உள்ளே ஒரு 1என்4001 டையோடைக் காவலுக்குப் போடுங்கள். பேட்டரியில் ஓட்டுவதானால், உள்ளே வருகிற ஜாக்கை ஸ்டீரியோ ஜாக்காக வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை அதன் நடு வளையத்தில் கட்டுங்கள். கிட்டார் ஒயரைச் செருகும்போது மட்டும் சுற்று முழுமையாகும், உருவினால் பேட்டரி ஓய்வெடுக்கும். தனியாக ஆன்-ஆஃப் ஸ்விட்ச் வேண்டாம். யார் முதலில் யோசித்தார்களோ, அவருக்கு என் வணக்கம்.

கால் ஸ்விட்சைத் தவிர மற்ற எல்லாம், 741, டையோடு, கெபாசிட்டர், ஈயம் உள்பட, டவுன்ஹால் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கிற சாமான்கள். 4440 ஐசி போர்டு வாங்கி ஆம்ப் கட்டி, பானைக்குள் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்ட பையன்கள் நிறைந்த மாவட்டம் இது. கைகள் நம்மிடம் இருக்கின்றன.

ஆசிரியர்களாக வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கிளிப்பர் சோதனை நடத்தும்போது சிஆர்ஓவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆம்ப்பும் ஸ்பீக்கரும் வையுங்கள். டையோடை இணைப்பதற்கு முன்னும் பின்னும் மாணவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை ரெக்கார்டு நோட்டில் ஒரு வரி, அவரவர் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, பெட்டி இங்கேதான் இருக்கும். மூடியில் நான்கு திருகு, பக்கத்தில் ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கிறேன். வந்து கழற்றிப் பாருங்கள்.